வன்னியில் அரச பதிவுகளைக் கேட்டுப் பெறுவது: அயலவரின் அந்தரங்கத்தை வெளியே இழுக்காமல் செய்யும் முறை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் அரச அலுவலகத்தில் ஒரு கோப்பைக் கேட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் மாட்டுப்படுகிறார்கள். ஒரு பகுதியினர் கண்ணில் பட்டதெல்லாம் கேட்டுவிட்டு, “இது தனிப்பட்ட தகவல், தர ஏலாது” என்ற ஒற்றை வரியோடு திரும்புகிறார்கள். மற்றப் பகுதியினருக்குக் கேட்டது கிடைத்துவிடுகிறது. கிடைத்த சந்தோசத்தில் அதை அப்படியே முகநூலில் போட்டு, பக்கத்து வளவுக்காரரின் அடையாள அட்டை இலக்கம் முதல் நோய் வருத்தம் வரை ஊருக்கே காட்டிவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அலுவலகம் என்ன முடிவெடுத்தது, எந்த விதியின்படி எடுத்தது என்று கேட்பது. யார் என்ன வாங்கினார் என்பதிலிருந்து தொடங்கினால் கதவு முதலிலேயே சாத்தப்படும். கீழே உள்ள படிகள் இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டவை. அது 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. படிகளின் ஒழுங்கை மாற்ற வேண்டாம்; பலர் ஐந்தாவது படியில் தொடங்குவதால்தான் ஒன்பதாவது படி வரை அலைகிறார்கள்.

1. உங்களுக்கு வேண்டியது எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் தேவையானதை எல்லாம் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே “என்னுடையது”, “அலுவலகத்துடையது”, “இன்னொருவருடையது” என்று குறியுங்கள்.

உங்களுடைய காணிக் கோப்பு, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கு நீங்கள் போட்ட விண்ணப்பத்துக்கு வந்த முடிவு, வீட்டுத் திட்டத்தில் உங்களுக்குப் போட்ட புள்ளி எல்லாம் முதலாவது வகை. இங்கே அந்தரங்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் தகவலை உங்களிடமிருந்து பாதுகாக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. நீங்கள்தான் அந்த ஆள் என்று காட்டினால் போதும்.

இரண்டாவது வகையில் சுற்றறிக்கை, கூட்ட அறிக்கை, கேள்விப்பத்திரம் (டெண்டர்), செலவுக் கணக்கு, வரைபடம், வர்த்தமானி என்று நிறைய வரும். வனவளத் திணைக்களம் எந்த எல்லையை எந்த வர்த்தமானியில் ஒதுக்கியது என்பதில் எந்தத் தனி ஆளும் இல்லை. இரணைமடுக் குளத்தில் இந்தச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், எந்தக் கமக்காரர் அமைப்புக்கு எவ்வளவு என்று கூட்டத்தில் தீர்மானித்த அறிக்கையும் அப்படித்தான்.

மூன்றாவது வகைதான் சிக்கல். எழுதிப் பார்த்தால் ஒன்று தெரியவரும்: மூன்றாவது வகை என்று குறித்ததில் பெரும்பகுதியை இரண்டாவதாக மாற்றி எழுதலாம். அதை நான்காவது படியில் பார்ப்போம்.

ஒரு விலக்கை இங்கேயே சொல்லிவிட வேண்டும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திடம் ஒருவர் நம்பிக்கையின் பேரில் இரகசியமாகச் சொன்ன விடயங்களுக்குத் தகவல் அறியும் சட்டம் பொருந்தாது; அந்த அலுவலகத்தை நிறுவிய 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டமே அப்படிச் சொல்கிறது. வேறொரு குடும்பம் அங்கே என்ன சொன்னது என்று கேட்டு விண்ணப்பம் போடுவது வீண், சரியான செயலும் அல்ல. தங்கள் சொந்த முறைப்பாட்டின் நிலையை அறிய விரும்பும் குடும்பம் அந்த அலுவலகத்திடம் நேரடியாகவே கேட்கலாம்.

பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களின் பிரதிக்கும் இந்த வழி வேண்டாம். அவற்றுக்கு மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் வழமையான படிவம் இருக்கிறது. அது கெதியாகவும் முடியும்.

2. போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டைப் பிரதி. சொந்தக் கோப்பைக் கேட்கும்போது இது கட்டாயம் தேவைப்படும். இறந்துபோன தகப்பனின் பேமிற்றை, அதாவது காணி அனுமதிப்பத்திரத்தைக் கேட்பதென்றால் அவருடைய இறப்புச் சான்றிதழும் உங்கள் பிறப்புச் சான்றிதழும் சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டால் உங்களையும் ஒரு அந்நியராகவே அலுவலகம் பார்க்கும்.

இடப்பெயர்வில் பேமிற் தொலைந்தவர்கள் அனுமதிப்பத்திர இலக்கம் தெரியாது என்று பின்வாங்குகிறார்கள். தேவையில்லை. கிராம அலுவலர் பிரிவு, குடியேற்றத் திட்டத்தின் பெயர், ஏறத்தாழ வழங்கிய ஆண்டு, காணியின் நாற்புற எல்லைக்காரர் யார் என்பவை இருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் தேடலாம்.

அடுத்து ஒரு குறிப்புப் புத்தகம். கொடுத்த திகதி, வாங்கியவரின் பதவி, பற்றுச்சீட்டு இலக்கம் எல்லாம் ஒரே இடத்தில் எழுத வேண்டும். மேன்முறையீட்டில் முதலில் கேட்கப்படுவது திகதிதான்.

யார் பெயரில் கேட்பது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். சட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான். ஆனால் அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்குக் குறையாமல் குடிமக்களாக உள்ள அமைப்பும் கேட்கலாம், அது பதிவு செய்யப்பட்டதாக இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் எல்லாம் இதில் அடங்கும்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. பட்டணத்தில் விண்ணப்பக்காரர் ஒரு பெயர். ஒரு கிராம அலுவலர் பிரிவில் அவர் யாருடைய மகள், எந்த ஒழுங்கையில் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். “இன்னார் உன்ர வீட்டைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறா” என்ற கதை பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அயலோடு பகை வரக்கூடிய விடயமென்றால் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் முகவரியில் கேளுங்கள். கேட்பவரின் அந்தரங்கமும் அந்தரங்கம்தானே.

3. பதிவு எந்த மேசையில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றுக்கும் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு எழுதுவது வன்னியில் ஊறிப்போன பழக்கம். மாவட்டச் செயலகத்தில் சுருக்க அறிக்கை இருக்கும், மூலக் கோப்பு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

காணி அனுமதிப்பத்திரமும், காணி பெறுவோரைத் தெரிவு செய்யக் கூடும் காணிக் கச்சேரியின் பதிவும் பிரதேச செயலகத்தில். உள்வீதி, சந்தைக் கடை வாடகை, கட்டட அனுமதி என்றால் பிரதேச சபையில். உரமானியப் பட்டியல் கமநல சேவை நிலையத்தில். பெரிய குளத்தின் நீர்ப் பதிவு நீர்ப்பாசனத் திணைக்களத்தில். அதிலும் மாகாணத் திணைக்களத்தின் குளமா மத்திய திணைக்களத்தின் குளமா என்று முதலில் விசாரியுங்கள். ஆசிரியர் இடமாற்றம் வலயக் கல்வி அலுவலகத்திலும் மாகாணத் திணைக்களத்திலும் பிரிந்து கிடக்கும்.

ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபைக்கும் (அரச அலுவலகங்களுக்குச் சட்டம் வைத்த பெயர்) ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். நியமிக்கவில்லை என்றால் அலுவலகத் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். ஆகவே “அவர் மாறிப் போய்விட்டார், புதிசா ஒருத்தரும் வரேல்லை” என்ற பதிலுக்காகக் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கொடுத்துவிட்டு வருவதும் வேண்டாம். அவர் நல்ல மனதோடு வாங்கிப் பையில் வைப்பார், ஆனால் உங்கள் நாட்கணக்கு தொடங்காது.

4. ஆளைக் கேட்காதீர்கள், முடிவைக் கேளுங்கள்

புதியவர்கள் எழுதுகிற விண்ணப்பம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “எமது கிராமத்தில் வீட்டுத் திட்டம் கிடைத்த அனைவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், வருமானம், ஏன் கொடுக்கப்பட்டது ஆகிய விவரங்களைத் தரவும். வசதியானவர்களுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு ஏன் தரவில்லை?”

இதில் நான்கு பிழை. “ஏன்” என்பது விளக்கம். சட்டம் தருவது கையிலுள்ள பதிவை. அடையாள அட்டை இலக்கமும் வருமானமும் மறுப்புக்கான காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுக்கின்றன. திட்டமும் ஆண்டும் இல்லாததால் எந்தக் கோப்பு என்று தெரியவில்லை. கடைசி வரி தேவையே இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. சொன்னால் அலுவலகம் அந்தக் காரணத்தோடு சண்டை பிடிக்கத் தொடங்கும்.

அதே தேவைக்கு இப்படி எழுதலாம்:

“…… பிரதேச செயலாளர் பிரிவில் …… வீட்டுத் திட்டத்துக்கு …… ஆம் ஆண்டு பயனாளிகள் தெரிவு செய்யப்பட்டது தொடர்பான பின்வரும் ஆவணங்களின் பிரதிகளைத் தருக. (1) தெரிவுக்குப் பின்பற்றிய சுற்றறிக்கையும் புள்ளித் திட்டமும். (2) தெரிவுக் குழுக் கூட்டங்களின் அறிக்கைகள். (3) புள்ளிப் பட்டியல், பெயர் நிரலை மறைத்து. (4) தெரிவானவர்களின் பெயர்ப் பட்டியல். அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, வங்கிக் கணக்கு, உடல்நலம், குடும்ப நிலை ஆகிய நிரல்களை மறைத்து. (5) எனது சொந்த விண்ணப்பமும் அதற்கு இட்ட புள்ளிகளும், மறைக்காமல். மேற்கூறியவற்றில் ஏதாவது பகுதி 5 ஆம் பிரிவின்படி விலக்கப்படுமானால், 6 ஆம் பிரிவின்படி அந்தப் பகுதியை மட்டும் நீக்கி மிகுதியைத் தருக.”

மூன்றையும் நான்கையும் ஏன் பிரித்தோம்? பெயரும் புள்ளியும் ஒரே தாளில் வந்தால், ஒவ்வொருவருக்கும் என்ன குறை இருந்து அந்தப் புள்ளி கிடைத்தது என்பதும் கூடவே வரும். புள்ளித் திட்டத்தில் கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி, புனர்வாழ்வு பெற்றவர், காணாமற்போனவரின் குடும்பம் என்று நிரல்கள் இருக்கலாம். வேறு மாவட்டத்தில் இவை வெறும் தகைமைகள். வன்னியில் “புனர்வாழ்வு பெற்றவர்”, அதாவது யுத்தத்துக்குப் பின் அரச புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்தவர், என்ற ஒரு சொல் வெளியே போனால் அந்த ஆளின் வேலை, மகளின் கலியாணம், வீட்டுக்கு யார் யார் வந்து விசாரிப்பது என்று எல்லாம் அதில் தொங்கும். அரச பணத்தில் வீடு கட்டியவரின் பெயரைப் பொதுமக்கள் அறியலாம் என்பது என் நிலைப்பாடு. அவர் எந்தத் துன்பத்தின் பேரில் அந்த வீட்டுக்குத் தகுதியானார் என்பது அப்படியல்ல.

சரி, இந்த இரண்டையும் சேர்க்காமல் ஊழலைப் பிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். புள்ளித் திட்டத்தின்படி 60 வர வேண்டிய ஒரு வரிசைக்கு 80 போட்டிருந்தால், அல்லது வெட்டுப்புள்ளிக்குக் கீழே உள்ள வரிசை தெரிவாகியிருந்தால், பெயர் இல்லாமலே தெரியும். தெரிந்த பிறகு அந்த வரிசையைக் குறிப்பிட்டு இரண்டாவது விண்ணப்பம் போடலாம். அப்போது உங்கள் பக்கம் பொதுநலன் என்ற வாதமும் கையோடு இருக்கும்.

“பெயருக்குப் பதிலாக இலக்கமிட்டுப் புதிய பட்டியல் தயாரித்துத் தருக” என்று எழுத வேண்டாம். இல்லாத ஆவணத்தைத் தயாரிக்கச் சொல்கிறீர்கள் என்று மறுப்பார்கள். “உள்ள பட்டியலில் இந்த நிரலை மறைத்து” என்றால் பிரதியெடுக்கும்போதே செய்யக்கூடிய வேலை.

எண்ணிக்கை கேட்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். “இந்தக் கிராம அலுவலர் பிரிவில் மனநலக் கொடுப்பனவு பெறுவோர் எத்தனை பேர்” என்று கேட்டு விடை “1” என்று வந்தால், பெயர் சொல்லாமலே ஆள் தெரிந்துவிடும். மீள்குடியேறிய சிறு கிராமங்களில் இது அடிக்கடி நடக்கும். அப்படியான கேள்விகளைப் பிரதேச செயலாளர் பிரிவு அளவில் கேளுங்கள்.

5. “தனிப்பட்ட தகவல்” என்ற மறுப்பை முன்கூட்டியே எதிர்பாருங்கள்

மறுப்புக்கு அலுவலகம் கைகாட்டுவது தகவல் அறியும் சட்டத்தின் 5(1)(அ) பிரிவை. அதை முழுதாக வாசித்தவர்கள் மேசைக்கு இந்தப் பக்கத்திலும் குறைவு, அந்தப் பக்கத்திலும் குறைவு.

அந்த வாசகம் தனிப்பட்ட தகவல் எல்லாவற்றையும் பூட்டவில்லை. வெளியிடுவதற்கும் பொதுச் செயற்பாடு அல்லது பொதுநலனுக்கும் தொடர்பே இல்லாத தகவல், அல்லது வெளியிட்டால் ஒருவரின் அந்தரங்கத்தில் நியாயமற்ற தலையீடாக அமையும் தகவல் ஆகியவற்றைத்தான் மறுக்கலாம். அதிலும் பெரிதான பொதுநலன் இருந்தாலோ, சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தாலோ கொடுக்கலாம். ஆக, ஒரு தாளில் பெயர் இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது.

அலுவலர் ஒருவர் தன் பதவியில் இட்ட ஒப்பம், எழுதிய சிபாரிசு, கூட்டத்தில் சொன்ன கருத்து அவருடைய அந்தரங்கம் அல்ல. அவருடைய வீட்டு முகவரியும் கைத்தொலைபேசி இலக்கமும் அந்தரங்கம். ஒப்பந்தக்காரர் கேட்ட விலையும் அவருக்குக் கொடுத்த தொகையும் பொதுவானவை. ஆசிரியர் இடமாற்றத்தில் யாருக்கு எத்தனை வருட கஷ்டப் பிரதேசச் சேவை என்ற வரிசை பொதுவானது. ஒருவர் மருத்துவக் காரணம் காட்டி இடமாற்றத்தைத் தவிர்த்திருந்தால் அந்தக் காரணத்தின் விவரம் பொதுவானது அல்ல. மருத்துவப் பதிவுகளுக்குச் சட்டத்தில் தனி விலக்கே உண்டு, ஆளின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கிடையாது. வைத்தியசாலையில் எந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்று கேட்கலாம். யாருக்கு அது கிடைக்கவில்லை என்று கேட்க முடியாது.

பதவி உயர உயர அந்தரங்கத்தின் வேலி உள்ளே நகர்கிறது. 2018 இல் சொத்து விவரம் சமர்ப்பித்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கும்படி தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு 2021 இல் பணித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2023 இல் அதை ஏற்றது. சமுர்த்தி என்ற அரச உதவியை எடுத்த ஒரு குடும்பத்தின் சொத்தை அதே அளவுகோலால் அளக்க முடியாது.

இப்போது சில இடங்களில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரைச் சொல்லியும் கையை விரிக்கிறார்கள். அந்தச் சட்டம் தகவல் அறியும் சட்டத்தை நீக்கவில்லை. வாக்குவாதம் தேவையில்லை: “5 ஆம் பிரிவின் எந்தப் பந்தி என்று எழுதித் தாருங்கோ” என்று மட்டும் சொல்லுங்கள்.

6. இன்னொருவரின் தகவல் உண்மையாகவே வேண்டுமென்றால்

சம்மதக் கடிதம்தான் மிகக் குறுகிய வழி. சம்பந்தப்பட்டவர் உங்கள் மாமியாக இருந்தாலும் வாய்ப்பேச்சு போதாது. எந்த அலுவலகத்தில், எந்தக் கோப்பில், எந்த விவரத்தை, யாருக்குக் கொடுக்கலாம் என்று நான்கையும் எழுதி ஒப்பமிட்டு வாங்குங்கள். “எனது எல்லா விவரங்களையும் கொடுக்கலாம்” என்று மொத்தமாக எழுதி வாங்குவது அவருக்கும் நல்லதல்ல, அலுவலருக்கும் சந்தேகத்தைக் கிளப்பும். எழுத வாசிக்கச் சிரமப்படுகிறவரென்றால், முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகே கைவிரல் அடையாளம் வாங்க வேண்டும்.

சம்மதம் இல்லையென்றால் 29 ஆம் பிரிவு வருகிறது. மூன்றாம் ஆள் ஒருவர் கொடுத்த, அல்லது அவரைப் பற்றிய தகவல், கொடுக்கப்பட்ட காலத்திலேயே இரகசியமாகக் கருதப்பட்டிருந்தால், தகவல் அலுவலர் ஒரு வாரத்துக்குள் அவருக்கு அறிவித்து, ஏழு நாளில் அவர் கருத்தைக் கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லாவிட்டால் கொடுக்கலாம். மறுத்தால் அலுவலகமும் மறுக்கும். அதற்குமேல் ஆணைக்குழு பொதுநலனை எடைபோட்டுப் பார்க்கலாம்.

“கொடுக்கப்பட்ட காலத்திலேயே” என்பதைக் கவனியுங்கள். ஆட்சேபனை கேட்டு அறிவித்தல் பலகையில் ஒட்டிய பட்டியலைப் பிறகு இரகசியம் என்று சொல்வது எடுபடாது. பட்டியல் எப்போது, எங்கே ஒட்டப்பட்டது என்று தெரிந்தால் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

இன்னொன்று: இந்த அறிவித்தல் போவதால் நீங்கள் கேட்டது அந்த ஆளுக்குத் தெரியவரும். அதற்கு ஆயத்தமில்லாவிட்டால் நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

7. கொடுப்பதும் நாள் எண்ணுவதும்

தகவல் கோரும் ஆர்டிஐ 01 படிவம் இருந்தால் நிரப்புங்கள், இல்லாவிட்டால் சாதாரணக் கடிதம் போதும். மின்னஞ்சலும் செல்லும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். வடக்கில் தமிழில் எழுதலாம்; ஆனால் மூலக் கோப்பு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில்தான் பிரதி வரும். கொழும்பிலிருந்து வந்த பழைய காணிக் கடிதங்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கக்கூடும்.

ஏற்றுக்கொண்டதற்கான எழுத்துமூலச் சீட்டை உடனே வாங்குங்கள். தரத் தயங்கினால் சண்டை வேண்டாம்; வெளியே வந்து அதையே பதிவுத் தபாலில் போடுங்கள்.

முடிவு சொல்ல 14 வேலை நாட்கள். சனி, ஞாயிறு, போயா, அரச விடுமுறை எதுவும் கணக்கில் வராது. பதிவுகள் அதிகமென்றாலோ வெளியே கலந்துபேச வேண்டியிருந்தாலோ, காரணம் சொல்லி, தகவலைக் கொடுக்கும் காலத்தை மேலும் 21 நாள் வரை நீட்டலாம். ஒருவரின் உயிர் அல்லது தனிப்பட்ட சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். அந்தக் குறுக்கு வழியை வீதிக் கணக்குக்கு எடுத்துப் போகாதீர்கள்.

2017 ஒழுங்குவிதிகளின்படி ஏ4 தாளில் முதல் நான்கு பக்கம் இலவசம், அதற்குமேல் ஒருபக்கப் பிரதிக்கு 2 ரூபா. கோப்பைப் பார்வையிடுவதற்கு முதல் மணித்தியாலம் இலவசம். தடித்த கோப்பென்றால் முதலில் பார்வையிட்டு, வேண்டிய பக்கங்களை மட்டும் குறித்துப் பிரதி கேளுங்கள். காசும் மிச்சம், தேவையில்லாத வேறு ஆட்களின் விவரமும் உங்கள் கைக்கு வராது.

8. பதிலை எப்படி வாசிப்பது

கடிதத்தில் முதலில் தேட வேண்டியது பிரிவு இலக்கம். மறுத்தால் எந்தக் காரணத்துக்காக என்றும், யாரிடம் மேன்முறையீடு செய்யலாம் என்றும் எழுத வேண்டும். “வழங்க முடியாமைக்கு வருந்துகிறோம்” என்பது காரணம் அல்ல.

பிறகு கேட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்தது, வராதது, பாதி வந்தது என்று குறியுங்கள். ஐந்து கேட்டு இரண்டு வந்தால் நன்றி சொல்லிவிட்டு இருந்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விடுபட்ட மூன்றும் மறுக்கப்பட்டதாகவே எடுத்து அடுத்த படிக்குப் போகலாம்.

“யுத்தத்தில் அழிந்துவிட்டது” என்ற பதில் வன்னியில் பல இடங்களில் உண்மை. உண்மையாக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் காணி விசாரணையில் உங்களுக்கு உதவும். பிறகு அதே ஆவணத்தின் இன்னொரு பிரதி நில அளவைத் திணைக்களத்திலோ மாகாணக் காணி நிர்வாகத்திலோ காணி ஆணையாளர் நாயகம் திணைக்களத்திலோ இருக்கிறதா என்று அங்கே கேளுங்கள். 2017 பெப்ரவரிக்குப் பிறகு உருவான பதிவென்றால் கதை வேறு. அவற்றை 12 ஆண்டுகளுக்குக் குறையாமல் பேண வேண்டும் என்பது 7 ஆம் பிரிவு.

9. மேன்முறையீடு

மறுப்புக் கிடைத்து 14 நாட்களுக்குள் அதே அதிகாரசபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம், ஆர்டிஐ 10 படிவத்தில். அவருக்கு மூன்று வாரம். அவரும் மறுத்தால், அல்லது பேசாமல் இருந்தால், இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடம். அங்கே, மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலகத்தினுடையது.

மேன்முறையீட்டில் கோபத்தை எழுத வேண்டாம். மூன்று விடயம் போதும்: அடையாள விவரங்களை மறைத்துத்தான் கேட்டேன், 6 ஆம் பிரிவின்படி பகுதியாகத் தரலாம், இது அரச பணம் எப்படிப் பகிரப்பட்டது என்பதைப் பற்றியது. நான்காவது படியைச் சரியாகச் செய்தவருக்கு இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடியும். பெயர், இலக்கம் எல்லாம் கேட்டவர் முதலில் தன் கேள்வியைக் காப்பாற்ற இரண்டு பக்கம் எழுத வேண்டிவரும்.

10. கிடைத்த பிரதியை வெளியே விடுமுன்

அலுவலகம் மறைக்க வேண்டியதை மறைக்காமல் தந்துவிடுவது அடிக்கடி நடக்கும். “அவையள்தானே தந்தவை” என்று சொல்லி அதைப் பரப்பினால், பாதிக்கப்படுவது தந்த அலுவலர் அல்ல, பட்டியலில் இருப்பவர்.

முதலில் மூலப் பிரதியை ஒரு உறையில் போட்டு ஒட்டி வையுங்கள். அதில் கை வைக்கக்கூடாது. மேன்முறையீட்டுக்கும் முறைப்பாட்டுக்கும் அதுதான் சாட்சி. வேலை எல்லாம் இரண்டாவது பிரதியில்.

பெயரை அழித்துவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்கத்தில் ஆண்டு நான்கு எண்ணில் வருகிறது, மற்றது அதே கணக்கு. எண்ணைப் பார்த்தவுடன் ஆணா பெண்ணா, என்றைக்குப் பிறந்தவர் என்று தெரிந்தால், நூறு குடும்பம் இருக்கும் ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம்? கடைசி நான்கு எண்களை மட்டும் மறைப்பதும் பயனில்லை. விவரம் முன்பக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது ஓரக் குறிப்புகள். அச்சடித்த நிரலை எல்லாரும் பார்ப்பார்கள். பேனையால் ஓரத்தில் “கணவர் தடுப்பில் இருந்தவர்”, “பிள்ளைக்கு வலிப்பு” என்று எழுதியிருப்பதைப் பார்க்க மாட்டார்கள். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.

மறைக்கும் முறையும் முக்கியம். மார்க்கரால் அழித்த தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எழுத்துத் தெரியும். கைத்தொலைபேசியில் படத்துக்கு மேலே பூசும் கறுப்பு முழுக் கறுப்பு அல்ல, வெளிச்சத்தைக் கூட்டினால் உள்ளே இருப்பது வந்துவிடும். பிடிஎஃப் கோப்பில் கறுப்புப் பெட்டி வைத்தால் அதற்குக் கீழே எழுத்து அப்படியே கிடக்கும், தெரிவு செய்து வேறு இடத்தில் ஒட்டினால் வாசிக்கலாம். அச்செடுங்கள், கறுப்புத் தாள் கீற்றை மேலே வைத்து மறையுங்கள், அதைப் போட்டோக் கொப்பி எடுங்கள், அந்தக் கொப்பியை மட்டும் ஸ்கான் பண்ணுங்கள். மெனக்கேடுதான், ஆனால் மேலே சொன்ன மூன்று ஓட்டையும் இதில் இல்லை.

பெயர்களை நீக்கிய பிறகு பட்டியல் விளங்க வேண்டுமென்றால் “ஆள் 1”, “ஆள் 2” என்று இடுங்கள். பல தாள்களில் அதே ஆள் வந்தால் அதே இலக்கம்தான் வர வேண்டும். எந்த இலக்கம் யார் என்ற திறப்புத் தாள் உங்கள் குறிப்புப் புத்தகத்துக்குள் இருக்கக்கூடாது. புத்தகத்தை எங்கும் கொண்டு திரிவீர்கள்.

தீர்மானம் எடுத்தவர்களின் பதவியையும் ஒப்பத்தையும் மறைக்காதீர்கள். பயனாளிகளை விட்டுவிட்டு அலுவலர்களைக் கவனமாக மறைத்த பிரதிகளும் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. அது தலைகீழ்.

கூட்டத்தில் வாசித்துக் காட்டுவதென்றால் புள்ளிக் கணக்கையும் சுற்றறிக்கையையும் வாசியுங்கள். யாராவது எழும்பி “அது ஆர், பேரைச் சொல்லுங்கோ” என்று கட்டாயம் கேட்பார்கள். சொல்ல மாட்டோம் என்று தொடக்கத்திலேயே தலைவர் அறிவித்துவிட வேண்டும். முறைகேடு என்று தெரியும் வரிசை எதுவோ, அதைப் பெயரோடு பிரதேச செயலாளருக்கோ இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கோ மூடிய உறையில் அனுப்பலாம். விசாரிக்கும் அதிகாரம் உள்ள இடத்துக்குப் பெயர் போவதும் ஊர்க் கூட்டத்தில் பெயர் போவதும் ஒன்றல்ல.

விடயம் முடிந்த பிறகு சங்க அலுமாரியில் அந்தக் கோப்பு வருடக்கணக்காகக் கிடக்க விட வேண்டாம். மேன்முறையீட்டுக் காலமும் கடந்து, முறைப்பாடும் இல்லையென்றால், மறைத்த பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தையும் திறப்புத் தாளையும் எரித்துவிட்டு, எரித்த திகதியைக் கூட்ட அறிக்கையில் எழுதுங்கள். செயலாளர் மாறும்போது அலுமாரித் திறப்பு யாரிடம் போகும் என்று யாருக்கும் தெரியாது.